நேர்த்திக்கடன்: காவேரிப்பட்டினம் வட்டாரத்தில் அருளும் சோதனையும்

நேர்த்திக்கடன் என்பது துன்பம் வந்த நேரத்தில் தெய்வத்திடம் ஒன்றை வேண்டிக்கொண்டு, அது கைகூடிய பின் சொன்ன சொல்லின்படி செலுத்தும் காணிக்கை அல்லது செயல். மொட்டை அடித்தல், காது குத்துதல், பொங்கல் வைத்தல், கிடா வெட்டுதல், அலகு குத்துதல், தீ மிதித்தல் என்று அதன் வடிவங்கள் பல. தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கம்தான் என்றாலும், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காவேரிப்பட்டினத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் பார்த்தால் அதன் ஆழம் தெரியும். எது அருள், எது சோதனை, இரண்டையும் எப்படித் தாங்குவது என்ற கேள்விகளுக்கு நூல் படிக்காத மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கும் விளக்கம் அது.

பூம்புகாரான காவிரிப்பூம்பட்டினத்தோடு இந்த ஊரைப் பலர் குழப்பிக்கொள்வதுண்டு. காவேரிப்பட்டினம் இருப்பது தென்பெண்ணைக் கரையில். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூர் வழியாக வந்து, கிருஷ்ணகிரி அணையைக் கடந்த பின் ஆறு இந்த ஊரைத் தொடுகிறது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் புழங்கும் எல்லை வட்டாரம் இது. சேலம் மாவட்டத்தில் இருந்து, 1965இல் தருமபுரி மாவட்டத்துக்குள் வந்து, 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது.

சோதனைகளுக்கு இந்த மண்ணில் குறைவே இருந்ததில்லை. 1767இல், முதல் மைசூர்ப் போரின்போது, ஹைதர் அலியின் படை காவேரிப்பட்டினத்தை முற்றுகையிட்டுப் பிடித்தது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தையே புரட்டிப்போட்டது. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்திருந்தது. செத்தவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் சேர்ந்த கணக்கு அது. மழை இல்லாமல் வாடிய அதே வட்டாரத்தில், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டி, தென்பெண்ணை கரைமீறியது. வானத்தை நம்பி மாவும் தக்காளியும் பயிரிடும் குடும்பத்துக்கு, கொடுக்கிற கையும் எடுக்கிற கையும் ஒன்றுதான் என்பதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாரியம்மன் வழிபாட்டின் அடிப்படையே இதுதான். அம்மை நோயை அனுப்புகிறவளும் அவள், இறக்கிவிடுகிறவளும் அவள். பெரியம்மை உயிர்களை வாரிக்கொண்டு போன காலத்தில் அதை 'நோய்' என்று சொல்லவே வாய் கூசியது. 'அம்மா வந்திருக்கா' என்றார்கள், கொப்புளத்தை 'முத்து' என்றார்கள். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டது 1975இல். 1980இல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசி வென்ற பிறகும் வழக்கம் மறையவில்லை. இன்றைக்குச் சின்னம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுகிறார்கள். அடுப்பில் தாளிப்பு இல்லை. உடல் தேறியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட நீரைத் தலைக்கு ஊற்றுகிறார்கள். பிறகு கோயிலுக்குக் கூழோ மாவிளக்கோ போகிறது. படுத்துக் கிடப்பவரை விருந்தாளி வந்த வீட்டுக்காரர் போல ஊர் நடத்துகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நோயாளியின் மேல் பழி விழுவதில்லை. துன்பத்தைப் பொருள்படுத்தும் முறைகளில் இது மிக மென்மையானது என்று சொல்லலாம்.

மென்மைக்கு நேர் எதிர் முனையில் நிற்கிறது மயானக் கொள்ளை. மாசி மாதம் மகா சிவராத்திரியை அடுத்து வரும் அமாவாசையை ஒட்டி, வட தமிழகத்து அங்காளம்மன் கோயில்களில் நடக்கும் இந்தத் திருவிழா காவேரிப்பட்டினத்தில் பெருங்கூட்டம் கூடும் நாள்களில் ஒன்று. கதை எல்லோரும் அறிந்தது: பிரம்மனின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ள, அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பிச்சையாக விழும் சோற்றையெல்லாம் அதுவே தின்றுவிட, கடவுளே பசியோடு சுடுகாடு சுடுகாடாக அலைகிறார். பார்வதியும் சாபம் பெற்று உருக்குலைந்து திரிகிறாள். கடைசியில் மேல்மலையனூரில், அங்காளம்மனாக அவள் சோற்றைச் சூறைவிட, அதைத் தின்னக் கபாலம் கையை விட்டு இறங்குகிறது. அவள் அதை மிதித்து அடக்குகிறாள். இந்தத் தெய்வத்தை விரிவாக ஆராய்ந்த எவலின் மேயரின் நூல் 1986இல் வெளிவந்தது. ஆனால் கதையின் மையத்தை விழாவுக்கு வருகிறவர்கள் நூல் இல்லாமலே பிடித்துவைத்திருக்கிறார்கள்: சிவனுக்கும் சக்திக்குமே சோதனை வந்தது, நமக்கு வராதா?

விழா நாளில் அம்மன் வேடம் கட்டியவர்கள் முகத்தில் மஞ்சளும் குங்குமமும் அப்பி, கையில் முறம் ஏந்தி மயானத்தை நோக்கிப் போகிறார்கள். முறத்தில் தானியமும் சாம்பலும் இருக்கும். வழியெங்கும் விளைந்ததை எறிகிறார்கள்: கடலை, கேழ்வரகு, கொழுக்கட்டை, சுண்டல், சில்லறைக் காசு. மயானத்தில் விழுந்ததைப் பொறுக்க ஒரே தள்ளுமுள்ளு. கைக்குக் கிடைத்த தானியத்தையும் சாம்பலையும் மடியில் முடிந்துகொண்டு போய் வயலில் தூவுகிறவர்கள் உண்டு. விளைச்சல் கூடும் என்பது நம்பிக்கை. பிணம் எரியும் இடத்துச் சாம்பல் விதையோடு சேர்கிறது. வேடம் கட்டியவர் கையால் முறத்தடி வாங்குவதற்கும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். பிள்ளை இல்லாதவர்கள், தீராத தலைவலிக்காரர்கள், 'காத்து கருப்பு' பிடித்ததாகக் கருதப்படுபவர்கள் முறம் தலையில் படக் குனிகிறார்கள். அங்கே அந்த அடியின் பெயர் ஆசி.

அருளை அடையாளம் காண்பதற்கும் மக்களிடம் தெளிவான முறைகள் உண்டு. காரியம் ஒன்றைத் தொடங்கும் முன் பூக்கட்டிப் பார்க்கிறார்கள்: ஒரே அளவான இரு பொட்டலங்களில் வெள்ளைப்பூவும் சிவப்புப்பூவும் மடித்து அம்மன் முன் போட்டு, விவரம் அறியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. சாமியாடியிடம் குறி கேட்பது இன்னொன்று. இவற்றைவிட நுட்பமானது கிடா துலுக்குவது. வெட்டுவதற்கு முன் ஆட்டின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் உத்தரவு. உதறாவிட்டால் மறுபடி தண்ணீர். அப்போதும் அசையாமல் நின்றால் பங்காளிகளுக்குள் பேச்சு எழும். யாருக்கு மனத்தாங்கல், யார் வரி கொடுக்கவில்லை, எந்த அண்ணன் தம்பி இன்னும் பேசாமல் இருக்கிறார்கள் என்று விசாரிப்பார்கள். பகை தீர்த்துக்கொண்டு இருவரும் சேர்ந்து கும்பிட்ட பிறகு ஆடு துலுக்கினால், அந்த ஒரு உதறலில் ஊரே நிம்மதி அடையும். தெய்வத்தின் சம்மதம் என்பது இங்கே உறவு சீரானதற்கும் சாட்சியாகிவிடுகிறது.

இறந்த வீரனே அருள் தருபவனாக மாறும் வழக்கமும் இந்த வட்டாரத்துக்கு உரியது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்களுக்குப் பேர்போனவை. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு நட்ட கல், பல ஊர்களில் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் பொங்கல் வாங்குகிறது. குறும்பர் சமூகத்தினரின் திருவிழாக்களில் பக்தர்கள் தலையில் தேங்காய் உடைப்பதும் இவ்வட்டாரத்தில் காணக்கூடியதே. வெளியூர்க்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கோ அது போன வருடம் கேட்டதற்கு இந்த வருடம் கட்டும் கடன்.

சோதனையைக் கதையாகக் கேட்டுப் பழகுவதற்கு இங்கே பாரதக் கூத்து இருக்கிறது. திரௌபதி அம்மன், தர்மராஜா கோயில்களில் மகாபாரதச் சொற்பொழிவும் இரவுக் கூத்துமாக நடக்கும் விழா பல ஊர்களில் 18 நாள் நீளும். அர்ச்சுனன் தபசன்று கூத்துக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாள் துரியோதனன் படுகளம். அன்று மாலை தீமிதி. வனவாசமும் அவமானமும் பட்ட திரௌபதியிடம்தான் வரம் கேட்கிறார்கள் என்பது இந்த வழிபாட்டின் உயிர்நாடி. துன்பப்பட்டவளுக்குத் துன்பம் புரியும்.

பெரியபுராணத்திலும் இதே ஓட்டம் உண்டு. சமணத்தில் சேர்ந்துவிட்ட தம்பிக்காகத் திலகவதியார் திருவதிகையில் வேண்ட, தம்பிக்குச் சூலை நோய் வருகிறது. அந்த நோய்தான் மருள்நீக்கியாரைத் திருநாவுக்கரசராக்கியது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அந்த வயிற்று வலியை இறைவன் ஆட்கொண்ட வழியாகவே எழுதினார். முஸ்லிம்கள் பொறுமைக்கு அய்யூப் நபியைச் சொல்கிறார்கள். கிறிஸ்தவர்கள் யோபுவைச் சொல்கிறார்கள். இருவரும் ஒருவரே. கிருஷ்ணகிரி மலை தர்காவில் ஃபாத்திஹா ஓதக் காத்திருப்பவர்களில் நெற்றியில் குங்குமம் உள்ளவர்களும் உண்டு.

நேர்த்திக்கடனைக் கடவுளுக்குக் கொடுக்கும் லஞ்சம் என்று பகுத்தறிவாளர்கள் சாடியிருக்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் லஞ்சம் முன்கூட்டி, மறைவாகக் கொடுப்பது. வேண்டுதல் காரியம் முடிந்த பின், ஊர் பார்க்க, உறவுக்குச் சோறு போட்டுச் செலுத்துவது. கேட்டது கிடைக்காவிட்டாலும் பலர் செலுத்திவிடுகிறார்கள். 'பாக்கி வைக்கக் கூடாது' என்ற அச்சம் எவ்வளவு பெரியது என்பதை 2003 காட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்டில், 1950ஆம் ஆண்டின் விலங்கு, பறவை பலித் தடைச் சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அன்றைய அரசு உத்தரவிட்டது. ஆட்டை நேர்ந்துவிட்டிருந்த குடும்பங்கள் கலங்கிப்போயின. எதிர்ப்பு வலுத்து, 2004 தொடக்கத்தில் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது.

ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்த பிறகு வேண்டுதல்களின் பொருளும் மாறியிருக்கிறது. முன்பு மழை, மாடு, பிள்ளை. இப்போது நிரந்தர வேலை, வீட்டுக்கடன், நீட் தேர்வு. ஷிப்டு மாற்றிக்கொண்டு குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஊருக்கு வருகிறார்கள். ஓசூர் மலை மேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் கோயிலுக்குப் புது வண்டி முதல் பூஜைக்குப் போகிறது.

இந்த மரபின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். துன்பத்துக்குப் பொருள் தேடும் மனம் சில வேளை துன்பப்படுபவரையே குற்றவாளி ஆக்கிவிடுகிறது. பிள்ளை இல்லை என்றால் பெண் மேல் பழி; மனநோய் என்றால் 'சாமி குத்தம்'. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியின்றி இறந்தார்கள். அங்குள்ள வழிபாட்டுத் தலம் குணமாக்கும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ரகுராமும் அவருடைய குழுவினரும், தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளைக் கவனித்து எழுதிய கட்டுரை 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அங்கே சூழல் அச்சுறுத்தலாக இல்லை. உறவினர் ஒருவர் கூட இருந்தார், சின்னச் சின்ன வேலைகள் இருந்தன. நோயின் கடுமை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஆறுதல் தந்தது ஆதரவான சூழல் என்பதே அவர்கள் கருத்து. கோயிலில் கிடைக்கும் நன்மை முறத்தடியிலும் சங்கிலியிலும் இல்லை, கூட இருக்கும் மனிதரிடம் இருக்கிறது என்று இதை வாசிப்பதே சரி.

மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்திருக்கிறது. மயானக் கொள்ளைக்கு மனநோய் உள்ள வீட்டாரை அழைத்துவருகிறவர்கள் அம்மனைத் தாராளமாகக் கும்பிடட்டும். கும்பிட்ட கையோடு மருத்துவரையும் பார்க்கட்டும். காவேரிப்பட்டினத்துக்குக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். நிம்ஹான்ஸ் இருப்பதும் பெங்களூருவின் ஓசூர் சாலையில். அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.