அம்பரும் டைனோசர் எலும்பும்: ஆல்பர்ட்டா

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் டைனோசர் எலும்பும் கிடைக்கிறது, மரப்பிசின் புதைந்து இறுகிய அம்பரும் கிடைக்கிறது. ஆனாலும் இவற்றின் ஆய்வுகள் நெடுங்காலம் தனித்தனியே நடந்தன.

1884-இல் ரெட் டியர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிலவியலாளர் ஜோசப் பர் டிரெல் ஊனுண்ணி டைனோசர் ஒன்றின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். 1905-இல் அது அல்பர்டோசாரஸ் எனப் பெயர் பெற்றது. 1910 முதல் புதைபடிவத் தேடலாளர் பார்னம் பிரவுன் அதே ஆற்றில் தட்டைப்படகில் மிதந்தபடி கரையெங்கும் எலும்பு தேடினார். வாத்து அலகு டைனோசர்களில் ஒன்றான புரோசாரோலோபஸுக்கு 1916-இல் பெயரிட்டவரும் அவரே. எலும்புகள் நிறைந்த டைனோசர் மாகாணப் பூங்கா 1979-இல் உலகப் பாரம்பரியக் களமானது.

அம்பர் பூச்சியியலாளர்கள் கையில் இருந்தது. கனடாவின் மற்றொரு மாகாணமான மானிட்டோபாவின் சீடர் ஏரிக்கரையில் ஒதுங்கிய அம்பரிலிருந்த பூச்சிகளும் சிலந்திகளும் 1937-இல் விவரிக்கப்பட்டன. 2011-இல் ஆல்பர்ட்டாவின் கிராசி லேக் அம்பரில் இறகுகள் இனங்காணப்பட்டன: சில வெறும் இழைகள், சில முழு வளர்ச்சி பெற்றவை. கூடவே எலும்பு இல்லாததால், எந்த இறகு எந்த விலங்குக்குரியது என உறுதியாகச் சொல்ல வழியில்லை. 2016-இல் மியான்மரின் கச்சின் பகுதி அம்பரில், சுமார் 9.9 கோடி ஆண்டுப் பழமையான டைனோசர் வாலொன்று முதுகெலும்புகளோடும் இறகுகளோடும் அறிவிக்கப்பட்டது. உலகமே வியந்த கண்டுபிடிப்பு அது. ஆனால் சந்தையில் வாங்கிய கல்லிலிருந்து வந்ததால், அது கிடந்த மண்ணைப் பற்றி நேரடியாக அறிய முடியவில்லை.

அந்தக் குறை நீங்கியது ஆல்பர்ட்டாவில்தான். எலும்பும் அம்பரும் சேர்ந்து கிடைப்பது அரிது. பிசின் இலேசானது, நீர் அதை அடித்துச் சென்று சதுப்புகளில் சேர்க்கும். சதுப்பின் அமிலமோ எலும்பைக் கரைத்துவிடும். 2019-இல் விவரிக்கப்பட்ட புரோசாரோலோபஸ் தாடை இதற்கு விலக்கு. சுமார் 7.5 கோடி ஆண்டுப் பழமையான அந்தத் தாடையில் பெரிய அம்பர்க் கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. அகச்சிவப்பு நிறமாலையும் ஐசோடோப்புகளும் அதைச் சுரந்தது கடலோரச் சமவெளியில் நின்ற சைப்ரஸ் குடும்ப ஊசியிலை மரம் எனக் காட்டின.

உள்ளே ஓர் அசுவினிப் பூச்சி இருந்தது. கச்சின் வாலைவிட இந்தச் சிறு பூச்சிக்கே சூழலியல் மதிப்பு அதிகம் எனலாம். ஊசியிலை மரப்பட்டையில் சாறு உறிஞ்சி வாழ்ந்த ஒரு குலத்தை அது அடையாளம் காட்டுகிறது. அம்பருக்குள் சிக்கிய களிமண்ணும் எலும்பைச் சூழ்ந்த படிவும் ஒத்திருந்தன. ஆகவே மரமும் விலங்கும் ஒரே நிலப்பரப்பைச் சேர்ந்தவை எனக் கொள்ள முடிகிறது. ஆற்றுப் படிவையும் சேர்த்துப் பார்த்தால், ஊசியிலை மரங்களும் பூக்கும் செடிகளும் வளர்ந்த, நன்னீர்ச் சதுப்புகள் கொண்ட வெள்ளச் சமவெளியில் புரோசாரோலோபஸ் மேய்ந்து திரிந்தது தெரிகிறது.