காரின்மேல் ஒரு சிறகு

பாலக்காட்டிலிருந்து வாளையாறு வழியாகக் கோயம்புத்தூருக்கு ரயிலில் வருவோர், மேற்குத் தொடர்ச்சி மலை இருபுறமும் விலகி வழிவிட்டிருப்பதைக் காண்பர். அந்தக் கணவாயின் வழியேதான் தென்மேற்குப் பருவக்காற்று கொங்கு நாட்டினுள் புகுகிறது. உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுவே. காற்றை வேலை வாங்கும் கலை இப்பகுதியாருக்குப் புதிதன்று. அக்கலை மோட்டார்ப் பந்தயத்திலும் இடம் பெற்ற வரலாற்றையே இங்குச் சொல்ல முற்படுகிறேன்.

விமானத்தின் சிறகு காற்றில் விரையும்போது மேலே எழும்புகிறது. அதே சிறகைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காரின்மீது பொருத்தினால், அது காரைத் தரையோடு அழுத்தும். அழுத்தம் கூடினால் சக்கரத்தின் பிடிப்பும் கூடும். வளைவிலே வேகத்தைக் குறைக்காமல் திரும்பலாம். தத்துவம் இவ்வளவே.

1928 மே மாதத்தில், ஜெர்மனியின் ஆவுஸ் சாலையில் ஃபிரிட்ஸ் ஃபான் ஓபெல் என்பவர் ராக்கெட் பூட்டிய காரை மணிக்கு 238 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். கார் தரையை விட்டு எழும்பிவிடாதிருக்க அதன் இரு பக்கங்களிலும் சிறகுகள் இருந்தன. 1956இல் மைக்கேல் மே என்னும் ஸ்விஸ் இளைஞர், போர்ஷ கார் ஒன்றில் ஓட்டுநரின் தலைக்கு மேலே தாமே அமைத்த சிறகை நிறுத்தி நூர்பர்கிரிங் பந்தயத்துக்கு வந்தார். பந்தய அதிகாரிகளோ அதனை அனுமதிக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1966இல், ஜிம் ஹால் என்னும் அமெரிக்கர் தம் சப்பாரல் காரின்மீது உயர்ந்த சிறகை ஏற்றியபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. 1968இல் ஃபார்முலா ஒன் கார்களும் சிறகு முளைத்து ஓடின.

ஆனால் ஆர்வம் ஓடிய வேகத்தில் ஆராய்ச்சி ஓடவில்லை. 1969 மே மாதம் பார்ஸிலோனாவின் மொன்ட்ஜுயிக் பந்தயத்தில், மெல்லிய கால்களின்மேல் நின்ற லோட்டஸ் காரின் சிறகு முறிந்தது. கிரஹாம் ஹில் தடுப்புச் சுவரில் மோதினார்; காயமின்றித் தப்பினார். சற்று நேரத்தில் அவருடைய சகாவான ஜோகன் ரிண்ட்டின் சிறகும் அவ்வாறே முறிய, அவர் காயமுற்றார். அடுத்து நடந்த மொனாக்கோ பந்தயத்திலேயே உயர்சிறகுகள் தடைசெய்யப்பட்டன. பின்னர், காரின் உடலோடு உறுதியாக இணைந்த தாழ்ந்த சிறகுகளுக்கே இடமளிக்கப்பட்டது.

காரணம் யாது? வேகம் இரு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 10 கிலோ எடையளவு அழுத்தும் சிறகு, 160 கிலோமீட்டரில் 40 கிலோ அழுத்தும். பட்டறையிலே கையால் அசைத்துப் பார்த்து, "உறுதியாகத்தான் இருக்கிறது" என்று திருப்தி கொள்பவனைக் காற்று ஏமாற்றிவிடும். சிறகு செய்வது எளிது. அதைத் தாங்கும் கால் செய்வதே அரிது.

எளிய கைவேலைக்கும் பெருமை உண்டு. 1971இல் டான் கர்னி என்பவர், பாபி அன்சர் ஓட்டிய காரின் சிறகு விளிம்பிலே ஒரு சிறு தகட்டைச் செங்குத்தாகப் பொருத்தினார். அழுத்தம் வியக்கத்தக்க அளவில் மிகுந்தது. வினவியோருக்கு, காரைத் தள்ளுவோரின் கையை விளிம்பு அறுக்காதிருக்கவே அத்தகடு என்று சொல்லி உண்மையை மறைத்தனராம்!

இத்தகைய பட்டறை மதிநுட்பத்துக்கு நம் நாட்டில் உறைவிடமாய் அமைந்தது, பம்புகளும் மோட்டார்களும் வார்த்தெடுத்த கோயம்புத்தூர். அந்நகரத்துக் கரிவர்தன் பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்துக் கட்டினார். மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைக் காரையும் உருவாக்கினார். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியற்ற இளைஞருக்கும் அதனால் வழி பிறந்தது. அவ்வகைக் காரில் பந்தய வாழ்வைத் தொடங்கிய கோவை நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவர்தன் அதனைக் காணவில்லை. 1995இல் விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிற மாநிலங்களில் பட்டறைகளிலும் ஆலைகளிலும் உழைக்கும் நம் இளைஞர்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. புதியது படைக்கும் துணிவு வேண்டும். படைத்ததை நம்பி ஓர் உயிர் அமரப்போகிறது என்ற நினைவும் உடன் வேண்டும்.