குருவிக்கு ஒரு மாத அவகாசம்

வீட்டுக் கூரையில் பறவைகள் கூடு கட்டாமல் பார்த்துக்கொள்வது இன்று வலை கட்டுகிறவர்களின் தொழில். நம் பாட்டனார் காலத்தில் அது ஓடு மாற்றுகிறவர்களின் தொழிலாக இருந்தது. இவ்விரண்டு தொழில்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கூரையின் அமைப்பும், அதை நாடிவரும் பக்ஷியின் ஜாதியும், அந்தப் பக்ஷியிடம் கிருகஸ்தன் கொண்டிருந்த மனோபாவமும் ஒருங்கே மாறிப்போயிருப்பதால், தமிழ்நாட்டுக் கூரைகளின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகத் திரும்பிப் பார்ப்பது வீண் காரியமாகாது என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் சரித்திரத்தில் முக்கியமான பக்ஷிகள் இரண்டு. இரண்டையும் சங்கப் புலவர்களே நமக்கு அறிமுகம் செய்துவைத்திருக்கிறார்கள். முற்றத்தில் உலர்த்திய தானியத்தைத் தின்று, மன்றத்து எருவின் புழுதியில் குடைந்து விளையாடி, மாலையில் வீட்டின் இறப்பிலே, அதாவது கூரையின் தாழ்ந்த விளிம்பிலே, குஞ்சுகளோடு அடங்குகிற குருவியைக் குறுந்தொகையில் காண்கிறோம். வாடைக் குளிர் தாங்காமல், பேடையோடு இரை தேடவும் போகாமல், மாடத்துக் கொடுங்கையில் கால் மாற்றி நிற்கிற புறாவை நெடுநல்வாடையில் காண்கிறோம். குருவி இறப்பின் சந்துக்குள் இருக்கிறது, புறா கொடுங்கையின் விளிம்பில் இருக்கிறது. அன்று புலவர்கள் கண்டு சொன்ன இந்த பேதத்தில்தான் பிற்காலத்து மாறுதல்கள் அத்தனைக்கும் காரணம் அடங்கியிருக்கிறது.

பழைய சம்பிரதாயம் இவ்விரண்டு பக்ஷிகளையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் புறாவை நிருருதி என்னும் அழிவுத் தேவதையின் தூதனாகக் கருதி, அதனால் வீட்டுக்குத் தீங்கு நேராதிருக்கப் பிரார்த்திக்கும் சூக்தம் ஒன்று உண்டு. புறா வீட்டில் வந்து விழுந்தால் அந்தச் சூக்தத்தைக் கொண்டு ஹோமமோ ஜபமோ செய்யவேண்டும் என்று ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரமும் விதிக்கிறது. சிட்டுக்குருவிக்கோ இதற்கு நேர்மாறான யோகம். அது கூடு கட்டிய வீடு விருத்தியடையும் என்றும், அதன் கூட்டைக் கலைத்தவன் குடும்பத்துக்குப் பாவம் வந்து சேரும் என்றும் நம் பெரியவர்கள் திடமாக நம்பினார்கள்.

சகுனம் ஒருபுறமிருக்க, கட்டடத்தின் தூய்மைக்காகப் பறவையை விலக்க முயன்றது நம் தேசம் மாத்திரமன்று. கி.மு. 414-ல் ஏதென்ஸ் நகரத்தில் அரங்கேறிய அரிஸ்டோபனீசின் 'பறவைகள்' நாடகத்தில், தங்களுக்குப் பரிசளிக்காத நடுவர்கள் சிலைகளைப்போலத் தலைக்குமேல் உலோகக் கவசம் செய்துகொள்ளட்டும், இல்லாவிட்டால் எச்சமிட்டு அசுத்தப்படுத்திவிடுவோம் என்று பறவைகளே பயமுறுத்துகின்றன. கி.பி. 70-ல் அழிந்துபோன ஜெருசலேம் ஆலயத்தின் உச்சியில், பறவைகள் வந்து உட்காராதபடி கூரிய பொன் முட்கள் நட்டிருந்ததாக யூத சரித்திராசிரியர் ஜோசீபஸ் எழுதிவைத்திருக்கிறார். இன்று நம் நகரங்களில் ஜன்னல் மேடைகளில் பதிக்கிற கம்பி முள்ளுக்கு இவ்வளவு பழைய வமிசாவளி இருக்கிறது.

நம் கிராமத்து வீடுகளில் முள்ளுக்கு வேலையில்லை. கூரையின் பராமரிப்பே காவலாக இருந்தது. குயவர் சக்கரத்தில் ஒரு முனை குறுகிய குழாயாக வனைந்து, ஈரம் காயுமுன் நெடுக இரண்டாக வகிர்ந்து, சூளையில் சுட்டெடுத்த நாட்டு ஓடுகளை ஒரு வரிசை மல்லாத்தியும் அதன்மேல் ஒரு வரிசை கவிழ்த்தும் வேய்வார்கள். மல்லாந்த ஓடு மழைநீருக்கு வாய்க்கால். கவிழ்ந்த ஓடு அதற்கு மூடி. இறப்பின் ஓரத்தில் கவிழ்ந்த ஓட்டின் வாய் அரைவட்டமாகத் திறந்தே நிற்கும். அந்த வாய் குருவியின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தாற்போல் இருப்பதால், வைக்கோல் துரும்பும் தேங்காய் நாரும் பஞ்சும் இறகுமாகக் கொண்டுவந்து அது உள்ளே திணிக்கத் தொடங்கும். திணித்த நார் சரிந்து வாய்க்காலை அடைத்ததும், வழிந்தோடவேண்டிய தண்ணீர் ஓட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கி, வரிச்சை நனைத்து, கைமரத்தை உளுக்கச் செய்து, கடைசியில் நெல் குதிரின் மேலேயே சொட்டும். அணில் ஓட்டைப் புரட்டுவதும், முட்டையை நாடிச் சாரைப்பாம்பு கைமரத்தில் ஏறுவதும் இந்தத் தொல்லையின் தொடர்ச்சி. ஆகவே, குருவியிடம் எத்தனை பிரியம் இருந்தாலும், கூரையின் வாயை அடைக்கவேண்டிய அவசியம் கிருகஸ்தனுக்கு இருக்கவே செய்தது.

அந்த அவசியத்தையும் பாவபயத்தையும் சமரசப்படுத்திய உபாயம்தான் கோடைகால ஓடு மாற்றுதல். அறுவடை முடிந்து, மழைக்கு இன்னும் நாள் இருக்கிற பங்குனி, சித்திரை மாதங்களில் ஆள் மேலே ஏறுவார். உடைந்த ஓட்டை நீக்குவார். வாய்க்காலில் கிடக்கும் சருகையும் பழைய கூட்டையும் வாரிப் போடுவார். முகட்டையும் இறப்பின் வாயையும் சுண்ணாம்புக் காரையால் பூசி அடைப்பார். ஆனால் அது குருவி குஞ்சு பொரிக்கிற பருவமும் கூட. ஓட்டைத் தூக்கியதும் சாம்பல் நிறப் புள்ளியிட்ட முட்டைகளோ, சிவந்த வாயைத் திறக்கும் குஞ்சுகளோ தென்பட்டால், எடுத்த ஓட்டை எடுத்தபடியே திரும்ப வைத்துவிட்டு, அந்த ஒரு பத்தியை விட்டு மற்றதை முடிக்கச் சொல்லும் பாட்டிமார் இல்லாத வீடு அந்நாளில் அபூர்வம். முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரம். ஆக மொத்தம் ஒரு மாதம். கோடையில் ஒரு மாதம் காத்திருப்பதால் கூரைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை; குஞ்சு பறந்தபின் அந்தப் பத்தியையும் அடைத்துவிடலாம்.

இந்த விவேகத்தோடு சேர்த்து எண்ணவேண்டிய வழக்கம் மற்றொன்று உண்டு. அறுவடையானதும் முற்றிய நெற்கதிர்களைச் சடைபோலப் பின்னி, குஞ்சமாகக் கட்டி, வாசலிலும் முற்றத்து உத்தரத்திலும் கோயில் மண்டபங்களிலும் தொங்கவிடுவார்கள். தலைகீழாகத் தொற்றிக்கொண்டு குருவிகள் அந்த நெல்லை உரித்துத் தின்னும். கூரையின் சந்தை அடைத்த அதே குடும்பம் களத்தின் விளைச்சலில் அதற்கு ஒரு பாகத்தையும் ஒதுக்கியது.

கோபுரங்களில் விஷயம் இன்னும் கடினம். அங்கே பக்ஷி கூடு கட்டுவதைவிட, அதன் எச்சத்தில் வருகிற ஆலம் விதையும் அரசம் விதையும் பெரிய சத்துரு. சுதைச் சிற்பத்தின் இடுக்கில் முளைக்கும் அந்தக் கன்று, வேர் தடிக்கத் தடிக்கக் காரையைப் பிளந்து, செங்கல்லைப் பெயர்த்து, பொம்மைகளை உதிர்த்துவிடும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்னும் மரபில், சாரம் கட்டி, வேரோடு செடியைக் களைந்து, சுதையைப் புதுப்பிக்கும் திருப்பணி சேர்ந்தே இருப்பது கட்டடத்தின் ஆயுளை நன்கு அறிந்த ஏற்பாடு.

இந்தப் பழைய ஒழுங்கு கலையத் தொடங்கியது ஓட்டின் வடிவம் மாறியபோது. 1865-ல் பாசல் மிஷன் என்னும் கிறிஸ்தவ சங்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். அச்சில் அழுத்திச் சுட்ட அந்தத் தட்டையான ஓட்டின் வரம்பு அடுத்த ஓட்டின் பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொள்வதால், நாட்டு ஓட்டுக்கு இயல்பான அரைவட்ட வாய் மறைந்தது. ஆயினும் சுவர்த்தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே சந்து மிச்சமிருந்தது. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்திய மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும், உத்தரத்தின் ஓரத்திலோ, சுவரில் சாய்த்து மாட்டிய படத்தின் பின்புறத்திலோ குருவி தனக்கு ஓர் இடம் சம்பாதித்துக்கொண்டது. கான்கிரீட் தளம் வந்தபின்தான் சந்து என்பதே இல்லாமற்போயிற்று. எந்தத் துடைப்பமும் செய்யாத வேலையைச் சிமெண்டு செய்து முடித்தது.

குருவி இழந்ததைப் புறா பெற்றது. புறாவின் மூதாதையர் செங்குத்தான பாறைகளின் விளிம்பில் முட்டையிட்டவர்கள். ஆகவே புறாவுக்குப் பொந்து வேண்டியதில்லை, நான்கு சுள்ளி வைக்க ஒரு மேடை போதும். ஜன்னலுக்குமேல் நீட்டிய சன்ஷேடும், ஏசி பெட்டியின் பின்புறமும், குழாய்கள் இறங்கும் இடுக்கும் அப்படிப்பட்ட மேடைகளே. தேசமெங்கும் சிட்டுக்குருவி நிலையாகவே இருந்தும் பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்று 2020-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையும், மாடப்புறா வெகுவாகப் பெருகிவிட்டது என்று 2023-ஆம் ஆண்டின் அறிக்கையும் கூறுகின்றன. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காமற்போனது போன்ற வேறு காரணங்களும் உண்டு என்றாலும், கட்டட அமைப்பின் பங்கு அற்பமானதன்று.

ஆகவே இன்றைய கிருகஸ்தன் புறாவை விலக்க முற்படுவதில் பிழையில்லை. அதன் எச்சம் சுவாசத்துக்குக் கேடு. ஆனால் முட்டை இருக்கையிலேயே வலையை இழுத்துக் கட்டி, உள்ளே குஞ்சும் வெளியே தாயுமாகப் பிரிப்பதை நம் முன்னோர் ஒப்பமாட்டார்கள். அந்தப் பொறுமை இன்னும் செத்துவிடவில்லை என்பதற்கு 2020-ல் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி மக்கள் அத்தாட்சி தந்தார்கள்: தெருவிளக்கின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டிருக்கக் கண்டு, குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் விளக்கேற்றாமலே இருட்டில் நடமாடினார்கள்.

செய்யவேண்டியது சொற்பமே. கூடு கட்டத் தொடங்குமுன் மேடைகளைச் சரிவாகப் பூசிவிட வேண்டும். முட்டை வந்துவிட்டால் குருவிக்கு ஒரு மாதமும் புறாவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதமும் பொறுத்து, அதன்பின் அடைக்க வேண்டும். அடைத்த வீட்டின் இறப்பில் மூன்று சென்டிமீட்டர் வாயுள்ள மரப்பெட்டி ஒன்றைக் குருவிக்காக மாட்டிவைக்க வேண்டும். கூரையைக் காப்பதும் ஜீவகாருண்யமும் ஒன்றையொன்று மறுக்கும் தர்மங்கள் அல்ல என்பதை ஓடு மாற்றிய தலைமுறை நடத்திக் காட்டியிருக்கிறது. கான்கிரீட்டில் வாழும் தலைமுறைக்கும் அது இயலாத காரியமன்று.