‘ரக்‌ஷக்’: ஒரே ஆல்பத்துல இத்தனை மெட்டலா?

ஷிஃப்ட் முடிஞ்சு ஆம்பூர் ஸ்டேஷன்ல ரயிலுக்குக் காத்திருக்கீங்க. இயர்போன்ல ஹெவி மெட்டல் ஓடுது. பக்கத்துல இருக்குற நண்பர் ஒரு காதுக்கு வாங்கிக் கேட்டுட்டு, “என்ன மச்சி, ஒரே கத்தலா இருக்கு”ன்னு திருப்பிக் கொடுத்துடுறார். அவருக்கு அடுத்த முறை இந்த ஆல்பத்தைப் போட்டுக்காட்டுங்க. டெல்லியைச் சேர்ந்த ‘பிளட்டிவுட்’ குழுவின் ‘ரக்‌ஷக்’.

தோல் துண்டில் தொடங்கிய கதை

மெட்டலுக்கும் நம்ம ஏரியாவுக்கும் தூரம் அதிகம்னு நினைக்காதீங்க. இங்கிலாந்தின் தொழிற்சாலை நகரமான பர்மிங்காமில், டோனி அயோமி என்ற 17 வயதுப் பையனின் இரண்டு விரல் நுனிகள் தகரப் பட்டறை மெஷினில் துண்டாகிவிட்டன. அவர் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். கம்பி வழுக்காமலிருக்க, அதன்மேல் பழைய லெதர் ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டிக்கொண்டு கிடார் வாசித்தார். அவருடைய ‘பிளாக் சப்பாத்’ குழுவின் முதல் ஆல்பம் 1970-ல் வந்தது. ஹெவி மெட்டலின் தொடக்கம் என்று பலரும் சொல்வது அதைத்தான்.

யார் இந்த பிளட்டிவுட்?

கரண் கட்டியார் (கிடார், புல்லாங்குழல்), ஜயந்த் பதுலா (குரல்), ரௌல் கெர் (ராப்) ஆகிய மூவரும்தான் குழுவின் முகங்கள். கரண் முன்பு கார்ப்பரேட் வக்கீல். பிரபலமான பாப் பாடல்களை மெட்டலாக மாற்றி யூடியூபில் போட்டு ஆரம்பித்தவர்கள், 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் திருவிழா மேடை வரைக்கும் போனார்கள். சொந்தப் பாடல்கள் கொண்ட முதல் ஆல்பமான ‘ரக்‌ஷக்’ 2022 பிப்ரவரி 18-ல் வெளியானது. 10 பாடல்கள். பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் தாங்களே வெளியிட்டார்கள். ரக்‌ஷக் என்றால் காப்பவன்.

எதையெல்லாம் கலந்திருக்காங்க?

ஃபோக் மெட்டல்: நாட்டுப்புற வாத்தியங்களும் மெட்டல் கிடாரும் சேர்ந்தது. இங்கே பஞ்சாபி டோல், புல்லாங்குழல். ‘மச்சி பசாட்’ கேளுங்க. கிடாருக்குச் சமமா டோல் அடிச்சுத் தூக்கும்.

நூ மெட்டல், ராப் மெட்டல்: 1990-களில் அமெரிக்காவில் பெரிசா வளர்ந்த பாணி. குதிக்க வைக்கும் தாளம், நடுவில் ராப். ‘கத்தார்’ பாட்டில் ஜயந்த் இந்தியில் உறும, ரௌல் ஆங்கிலத்தில் ராப் செய்கிறார். மதத்தையும் அரசியலையும் கலந்து வெறுப்பு வளர்ப்பவர்கள் மீதான கோபம் அது.

மெட்டல்கோர்: வேகமா போற பாட்டு சட்டுனு நிதானமாகி, ஒவ்வொரு அடியும் நெஞ்சுல இடிக்குமே, அதுதான் ‘பிரேக்டவுன்’. இந்தப் பாணியின் அடையாளமே அதுதான். ஆல்பம் முழுக்க இதைக் கேட்கலாம்.

இத்தனையும் கலந்தா கூட்டாஞ்சோறு ஆயிடாதா? ஆகலை. காரணம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கு. கோபத்துக்கு உறுமல், விஷயத்தைச் சொல்ல ராப், உடம்பை ஆட வைக்க டோல், மனசு இளகுற இடத்துல புல்லாங்குழல். ‘தனா தன்’ பாலியல் வன்முறைக்கு எதிரான பாட்டு. ‘எண்டியூரன்ட்’ சக மாணவர்களின் கேலி, கொடுமையைப் பற்றியது. கத்துறதுக்குக் காரணம் இருக்குன்னு புரிஞ்சதும், கத்தல் கத்தலா கேட்காது.

முதலில் எதைக் கேட்பது?

‘ஜீ வீரே’யில் ஆரம்பிங்க. மன அழுத்தத்தில் இருப்பவரைப் பார்த்து ‘வாழ்ந்து காட்டு’ என்று தோள் தொடும் பாட்டு. 2019-ல் இதைத் தனிப்பாடலாக வெளியிட்டபோது, ரசிகர்களுக்கு இலவச ஆன்லைன் கவுன்சலிங்குக்கும் ஏற்பாடு செய்தார்கள். உங்களுக்கோ உங்க நண்பருக்கோ அப்படி மனசு பாரமா இருந்தா, பாட்டோட நிறுத்திக்காதீங்க. அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அடுத்து ‘மச்சி பசாட்’, பிறகு ‘கத்தார்’. அதுக்கப்புறம் முதல் பாட்டிலிருந்து வரிசையா ஓடவிடுங்க. போன் ஸ்பீக்கர்ல வேண்டாம், டோலின் அடி காணாமப் போயிடும். இயர்போன் போட்டு, வால்யூமை அளவா வெச்சுக் கேளுங்க.

பஞ்சாபி டோல் ஜெர்மனி மேடை ஏறிடுச்சு. தோல் பதனிடுற நம்ம ஊர்ல பறைக்கும் ஆள் இருக்கு, கிடாருக்கும் ஆள் இருக்கு. ரெண்டு பேரும் ஒருநாள் ஒரே ரூம்ல உட்கார்ந்தா எப்படி இருக்கும்?