மண்ணீரல் அகற்றும் நுண்துளை அறுவை சிகிச்சை: வரலாறும் வழிமுறைகளும்

மண்ணீரல் வயிற்றின் இடப்பக்க மேற்பகுதியில், விலா எலும்புகளின் மறைவில் அமைந்த உறுப்பு. நலமாக உள்ளவர்களிடம் ஏறத்தாழ 150 கிராம் எடை இருக்கும். முதிர்ந்த இரத்த அணுக்களை அழிப்பது அதன் வேலைகளுள் ஒன்று. சில நோய்களில் நல்ல சிவப்பணுக்களும் தட்டணுக்களும்கூட அங்கே அழிகின்றன. மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால் மண்ணீரலை அகற்ற நேரிடும்.

1826-இல் ஜெர்மனியின் குயிட்டன்பாம் இந்த அறுவையைச் செய்தார், நோயாளி பிழைக்கவில்லை. 1867-இல் பாரிஸில் பேயான் செய்தபோது நோயாளி உயிர் பிழைத்தார். அச்சம் எப்போதும் இரத்தப்போக்கைப் பற்றியதே. மண்ணீரல் இரத்தம் நிறைந்த பஞ்சு போன்றது, அதன் உறை மெல்லியது, இழுத்தால் கிழியும். தட்டணு குறைந்தவருக்கோ இரத்தம் எளிதில் உறையாது.

1980களில் பித்தப்பையை நுண்துளை வழியே அகற்றும் முறை வந்தது. 1991-இல் பிரான்சின் டெலேத்ர் மண்ணீரலையும் அவ்வாறே அகற்றினார். தொடக்க காலத்தில் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து முன்பக்கமாக அணுகுவதே வழக்கம். ஆனால் மண்ணீரல் இருப்பது பின்பக்க ஆழத்தில். இரைப்பையையும் குடலையும் விலக்கி, மண்ணீரலைத் தூக்கிப் பிடித்தால்தான் அதன் பின்புறம் தெரியும். தூக்கும்போதே கிழிந்தால் கேமராவில் சிவப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது!

இதற்குத் தீர்வு புதிய கருவியிலிருந்து வரவில்லை, படுக்கவைக்கும் விதத்திலிருந்து வந்தது. நோயாளியை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இரைப்பையும் குடலும் தம் எடையாலேயே விலகிவிடும். மண்ணீரலோ மேலே உதரவிதானத்தோடு இணைக்கும் தசைநார்களில் தொங்கும். கணையத்தின் வால்பகுதியும் கண்ணுக்குத் தெரிவதால் அது காயப்படும் வாய்ப்புக் குறைகிறது. 'தொங்கும் மண்ணீரல்' என்ற பெயரில் டெலேத்ர் இதை 1995-இல் விளக்கினார்.

தமிழ்நாட்டின் பங்களிப்பும் இங்கே உண்டு. கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் மருத்துவர் சி. பழனிவேலுவும் குழுவினரும் 2006-இல் 'சாய்ந்த மண்ணீரல்' அணுகுமுறையை வெளியிட்டனர். மண்ணீரல் தமனியை முன்னதாகவே கட்டிவிடுவது இதன் சிறப்பு. தமனி அடைபட்டதும் உள்ளிருக்கும் இரத்தம் சிரை வழியே உடலுக்குத் திரும்புகிறது, மண்ணீரல் சுருங்குகிறது. நம் நாட்டில் வீங்கிப் பெருத்த மண்ணீரலோடு வருவோர் உண்டு என்பதால் இது சிறு நன்மை அன்று.

முன்பக்க முறை வழக்கொழியவில்லை. பரம்பரை இரத்தச் சோகை உள்ள சிலருக்குப் பித்தக்கற்களும் இருக்கும். மல்லாக்கப் படுத்த நிலையிலேயே இரண்டையும் அகற்றிவிடலாம். மிகப் பெரிய மண்ணீரலுக்குச் சற்றுப் பெரிய கீறல் இட்டு, ஒரு கையை உள்ளே செலுத்தியும் செய்கிறார்கள்.

எந்த வழியானாலும் உள்ளே பைக்குள் இட்டுச் சிறு துண்டுகளாக்கியே பெரும்பாலும் வெளியே எடுப்பர். பை கிழிந்து துணுக்குகள் சிதறினால் அவை வயிற்றுக்குள் ஒட்டி மீண்டும் வளரக்கூடும். துணை மண்ணீரல் சிலருக்கு உண்டு; அதைத் தேடி எடுக்காவிட்டால் நோய் திரும்பலாம். மண்ணீரல் இல்லாதவரைச் சில கிருமிகள் கடுமையாகத் தாக்கும் என்பதால், திட்டமிட்ட அறுவைக்கு இரண்டு வாரமாவது முன்னதாக நிமோகாக்கஸ் முதலியவற்றுக்கான தடுப்பூசிகளைப் போடுகிறார்கள்.