லினக்சுக்கேற்ற கம்பியற்ற வலையமைப்பு அட்டை

கம்பியற்ற வலையமைப்பு அட்டை என்பது மடிக்கணினியை வைஃபை வழியாக வலையமைப்புடன் இணைக்கும் வன்பொருள் ஆகும். லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளங்களை மடிக்கணினியில் நிறுவுவோருக்கு அடிக்கடி சிக்கல் தரும் உறுப்பு இதுவாகும். அட்டை இயங்காவிடின் இணையம் இல்லை. இணையம் இன்றி அட்டைக்குத் தேவையான மென்பொருளைப் பதிவிறக்கவும் இயலாது. எனவே வாங்கும் முன்னரே பொருத்தத்தை அறிந்து கொள்ளுதல் நன்று.

சில்லு

டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் அட்டையில் உள்ள சில்லுக்கே எழுதப்படுகிறது. ஆகவே பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள பெயரைக் கொண்டு பொருத்தத்தை முடிவு செய்ய இயலாது. எடுத்துக்காட்டாக, டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்னும் யூஎஸ்பி கருவியின் முதற் பதிப்பில் ஏதெரோஸ் சில்லு இருந்தது. அதே பெயருடன் வந்த இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சில்லு இடம்பெற்றது. அதற்கு வேறு இயக்கி தேவை. மடிக்கணினியில் ஏற்கனவே உள்ள அட்டையின் சில்லை எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளை மூலம் அறியலாம். இக்கட்டளை காட்டும் அடையாள எண்களில் இன்டெல் நிறுவனத்துக்குரியது 8086. இது அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பழைய செயலி ஒன்றின் பெயரும் ஆகும்.

இயக்கியும் நிலைபொருளும்

2000களில் பல நிறுவனங்கள் விண்டோசுக்கு மட்டுமே இயக்கி வழங்கின. விண்டோசு இயக்கியையே லினக்சில் இயங்கச் செய்யும் என்டிஸ்ராப்பர் என்ற மென்பொருள் அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்டது. பிராட்காம் சில்லுகளின் செயற்பாட்டைத் தன்னார்வலர்கள் தாமே ஆராய்ந்து இயக்கி எழுதினர். அது 2006இல் லினக்ஸ் கருனியில் சேர்க்கப்பட்டது. அந்நிறுவனம் தன் திறந்த மூல இயக்கியை 2010இல் வெளியிட்டது. ஏதெரோஸ் நிறுவனமோ 2008இலேயே ஏடிஎச்9கே என்னும் திறந்த மூல இயக்கியை வெளியிட்டிருந்தது.

இயக்கி திறந்த மூலமாக இருப்பினும், சில்லினுள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் எனப்படும் நிலைபொருள் மூடியதாக இருக்கலாம். இன்டெல் அட்டைகள் இவ்வகையின. டெபியன் 2011இல் வெளியிட்ட 6.0 பதிப்பின் கருனியிலிருந்து இத்தகைய நிலைபொருள்களை நீக்கியது. 2022இல் நடந்த வாக்கெடுப்பின் பின், 2023இல் வந்த 12ஆம் பதிப்பின் நிறுவியில் அவை சேர்க்கப்பட்டன. ஏஆர்9280, ஏஆர்9462 ஆகிய ஏதெரோஸ் சில்லுகளுக்கு நிலைபொருள் கோப்பே தேவையில்லை. முழுமையாகக் கட்டற்ற மென்பொருளையே விரும்புவோர் இவற்றை நாடுவர். ஆயினும் இவை 802.11என் தலைமுறையைச் சேர்ந்தவை. புதிய அட்டைகளின் வேகத்தை இவற்றிடம் எதிர்பார்க்க இயலாது. அன்றாடப் பயன்பாடு மட்டுமே நோக்கமெனில் இன்டெல் அட்டை போதுமானது.

பொருத்துமிடம்

பழைய மடிக்கணினிகளில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் பொருத்துவாயும் புதியவற்றில் எம்.2 பொருத்துவாயும் உள்ளன. அட்டை வாயில் பொருந்தினாலும் இயங்கும் என்பது உறுதியன்று. இன்டெலின் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 ஆகிய இரண்டும் எம்.2 வடிவில் கிடைக்கின்றன. ஏஎக்ஸ்201 அதற்கென வடிவமைக்கப்பட்ட இன்டெல் கணினிகளில் மட்டுமே இயங்கும். ஏஎம்டி செயலியுள்ள கணினிக்கு ஏஎக்ஸ்200ஐ வாங்க வேண்டும். ஏஎக்ஸ்210 அட்டைக்குக் கருனி 5.10 அல்லது அதற்குப் பிந்தையது தேவை.

சில மடிக்கணினிகளின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத அட்டையை ஏற்பதில்லை. திங்க்பேட் எக்ஸ்220 போன்றவற்றில் இவ்வாறான அட்டையைப் பொருத்தினால் 1802 என்ற பிழைச்செய்தியுடன் கணினி நின்றுவிடும். இது லினக்ஸ் தொடங்கும் முன்னரே நிகழ்வதால், எந்த இயக்கியை நிறுவியும் இதனைச் சரிசெய்ய இயலாது.