ஏலியனைத் துரத்தியவர்கள்: சத்யஜித் ராயின் 1967ஆம் ஆண்டுத் திரைக்கதை குறித்து

சத்யஜித் ராயின் படமாகாத ‘தி ஏலியன்’ திரைக்கதையையும் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படத்தையும் ஒப்பிடும் பேச்சு நாற்பது ஆண்டுகளாக ஒரே தடத்தில் நடந்து வருகிறது. இரண்டிலும் வரும் வேற்றுக்கிரகவாசிகளை அருகருகே நிறுத்தி, சிறிய உருவம், தீங்கற்ற இயல்பு, சிறுவனோடு கொள்ளும் நட்பு, செடிகொடிகளை மலரச் செய்யும் ஆற்றல் என்று பொதுக்கூறுகளை எண்ணுவோம். முடிவில் யார் யாரிடமிருந்து எடுத்தார் என்ற கேள்வியில் வந்து நிற்போம். இப்பதிவில் வேறோர் ஒப்பீட்டை முன்வைக்க விரும்புகிறேன். வந்தவனைச் சற்று விட்டுவிட்டு, வந்தவனைத் துரத்தியவர்களைப் பார்ப்போம். ஒரு சமூகம் அந்நியனை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை அந்நியனின் உருவத்தைவிடத் துரத்துபவனின் உருவமே தெளிவாகக் காட்டும் என்பது என் கருத்து.

அமெரிக்க அறிவியல் புனைவுப் படங்களில் அணி மாறிய வேட்டைக்காரன் என்றொரு பாத்திர வகை உண்டு. அரசோ நிறுவனமோ அவனை வேட்டைக்கு அனுப்பும். வேட்டையின் நடுவே தான் துரத்தும் உயிரிடம் அவன் எதையோ கண்டுகொள்வான். பிறகு தன்னை அனுப்பியவர்களிடமிருந்து விலகுவான். 1982ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மட்டும் இவ்வகைக்கு இரண்டு சான்றுகள் கிடைக்கின்றன. ‘ப்ளேட் ரன்னர்’ படத்தின் டெக்கார்ட் செயற்கை மனிதர்களைச் சுட்டு வீழ்த்தும் பணியில் இருப்பவன். இறுதியில் அவர்களில் ஒருத்தியுடன் தப்பிச் செல்கிறான். ‘ஈ.டி.’யில் பீட்டர் கொயோட் ஏற்ற பாத்திரத்துக்குப் பெயரே இல்லை. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தை வைத்து ‘கீஸ்’ என்றே குறிக்கப்படுகிறது. படத்தின் முற்பகுதியில் அம்மனிதனின் முகத்தைக் காட்டாமல் அச்சத்தை வளர்க்கும் இயக்குநர், பிற்பகுதியில் அவனையே மனம் திறக்கச் செய்கிறார். பத்து வயது முதல் இப்படியொரு வருகைக்காகவே காத்திருந்ததாக அவன் சிறுவனிடம் சொல்கிறான். 2002ஆம் ஆண்டின் மறுவெளியீட்டில் அரசு ஆட்களின் கைத்துப்பாக்கிகளைக் கணினி வழியே நீக்கி, அவ்விடத்தில் வாக்கி டாக்கிகளை வைத்தார் ஸ்பீல்பெர்க். அந்த மாற்றம் தவறென்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். துப்பாக்கியை வைப்பதா எடுப்பதா என்ற இத்தயக்கத்திலிருந்தே, அப்படத்தின் மையச் சிக்கல் ஆயுதமேந்திய அரசு என்பது விளங்கும்.

ராயின் திரைக்கதையில் துரத்துபவர்கள் யார் என்று பார்ப்பதற்கு முன், அதன் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வது நலம்.

1960களின் நடுவில் கல்கத்தாவில் அறிவியல் புனைவு ஆர்வம் ஓர் இயக்கமாகத் திரண்டது. அத்ரீஷ் பர்தன் 1963இல் ‘ஆச்சர்ஜோ’ இதழைத் தொடங்கினார். 1966இல் அறிவியல் புனைவுத் திரைப்படங்களுக்கெனவே ஒரு திரைப்படச் சங்கம் உருவாயிற்று; ராய் அதன் தலைவர், பிரேமேந்திர மித்ரா துணைத்தலைவர், பர்தன் செயலாளர். இச்சங்கத்தை ஒட்டியே இலங்கையில் குடியேறியிருந்த ஆர்தர் சி. கிளார்க்குடன் ராய்க்குக் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. கிளார்க் வழியாக அவருடைய நண்பர் மைக் வில்சன் இக்கதையை அறிந்தார். வில்சன் கடலாழ நீச்சல்காரர். முதல் சிங்கள வண்ணப் படமான ‘ரன்முத்து தூவ’வை எடுத்தவர். 1967இல் அவர் கல்கத்தாவுக்கு வந்து ராயை ஊக்கித் திரைக்கதையை எழுத வைத்தார். ராயின் முகவரியாக இன்று எல்லோரும் அறிந்த பிஷப் லெஃப்ராய் சாலை வீட்டுக்கு அவர் 1970இல்தான் குடிபெயர்ந்தார். ‘தி ஏலியன்’ எழுதிய காலத்தில் அவர் குடியிருந்தது லேக் டெம்பிள் சாலையில்.

கொலம்பியா பிக்சர்ஸ் நிறுவனம் ஆர்வம் காட்டியது. பீட்டர் செல்லர்ஸ் நடிக்க இசைந்தார். அவ்வாண்டே ஹாலிவுட் சென்ற ராய், தம் திரைக்கதையின் நகல்கள் அங்கே கைமாறிக்கொண்டிருப்பதையும், முகப்பில் வில்சனின் பெயரும் உரிமையாளராக இடம்பெற்றிருப்பதையும் கண்டார். பத்தாயிரம் டாலர் முன்பணம் வில்சனிடம் தரப்பட்டதாகவும், தம் கைக்கு எதுவும் வந்து சேரவில்லை என்றும் ராய் பதிவு செய்திருக்கிறார். 1968இல் செல்லர்ஸும் விலகிக்கொண்டார். இந்த அனுபவங்களை ராய் ‘தி ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் எழுதியது 1980 அக்டோபரில். ‘ஈ.டி.’ வெளிவந்தது 1982இல். ஆகவே அக்கட்டுரையின் மனக்குறை ‘ஈ.டி.’யைப் பற்றியதாக இருக்க இயலாது. அமெரிக்காவெங்கும் பரவியிருந்த தம் திரைக்கதை நகல்கள் இன்றி ‘ஈ.டி.’ உருவாகியிருக்காது என்று அவர் சொன்னது பின்னாளில். ஸ்பீல்பெர்க் அதை மறுத்தார். இவ்வரிசையைக் கவனிக்காமல் எழுதப்படும் கட்டுரைகள் இன்றும் வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி, திரைக்கதைக்குள் நுழைவோம். மங்கள்பூர் என்னும் வங்காளச் சிற்றூரின் தாமரைக் குளத்தில் ஒரு விண்கலம் இறங்கி மூழ்குகிறது. அதன் பொன்னிறக் கூம்பு மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் தெரிகிறது. வெளிவந்த சிற்றுரு ஹாபா என்ற ஏழைச் சிறுவனின் கனவில் புகுந்து விளையாடுகிறது. ஊராரின் பயிரை ஓரிரவில் முற்ற வைக்கிறது. பருவம் தவறி மாமரத்தைக் காய்க்கச் செய்கிறது. இங்கே இராணுவம் வருவதில்லை, உளவுத்துறையும் வருவதில்லை. வருபவர்கள் நால்வகையினர். கூம்பைப் புதையுண்ட கோயிலின் கோபுரம் என்று நம்பி வழிபடும் ஊரார் ஒரு வகை. செய்தி தேடி வரும் கல்கத்தாப் பத்திரிகையாளர் மோகன் இரண்டாம் வகை. மூன்றாமவர் மார்வாடித் தொழிலதிபர் பஜோரியா. செல்லர்ஸுக்கென எழுதப்பட்ட பாத்திரம் இதுவே. நான்காமவர் பஜோரியாவின் செலவில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் அமெரிக்கப் பொறியாளர் ஜோ டெவ்லின்.

பஜோரியாவின் திட்டம் எளியது. குளத்து நீரை இறைத்துவிட வேண்டும். சுற்றிலும் சலவைக்கல் பதிக்க வேண்டும். அவ்விடத்தை நாட்டின் தலையாய புனிதத் தலமாக்கி, மீட்டவர் தாமே என்று தம் பெயரைப் பொறிக்க வேண்டும். டெவ்லினோ தம் கைக்கும் கருவிக்கும் பிடிபடாத எதையும் நம்பாதவர். ஒருவருக்கு அப்பொருள் சொத்து. மற்றவருக்கு அது இடையூறு. இருவரும் வேற்றுக்கிரகவாசியை வேட்டையாடுவதாக எண்ணவே இல்லை. குளத்தை வற்றச் செய்வது ஒரு கொலைச்செயலாகலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. என் வாசிப்பில் இத்திரைக்கதையின் ஆழம் இங்கேதான் இருக்கிறது. இதிலுள்ள வேட்டை பக்தி, கொடை, வளர்ச்சிப் பணி ஆகிய நற்பெயர்களின் கீழ் நடக்கிறது.

இப்பாத்திரங்கள் வெறும் கற்பனையில் பிறந்தவை அல்ல. 1966–67இல் வங்காளத்தின் அண்டை மாநிலமான பீகாரைக் கடும் வறட்சி தாக்கியது. அமெரிக்கக் கோதுமை பி.எல். 480 ஒப்பந்தத்தின்கீழ் கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலம் அது. 1966இல் மேற்கு வங்கத்தில் உணவுப் போராட்டம் வெடித்தது. 1967 மே மாதம் நக்சல்பாரி எழுச்சி நிகழ்ந்தது. வறண்ட கிராமத்தில் கிணறு தோண்ட வந்த அமெரிக்கர், அதற்குப் பணம் தரும் வணிகர், பசியில் வாடும் சிறுவன் என்ற மூவரும் அன்றைய நாளிதழ்ச் செய்திகளுக்கு அயலானவர்கள் அல்லர்.

துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரன் ராயின் உலகில் ஏன் இல்லை? விடை, ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழின் மரபில் கிடைக்கிறது. ராயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய இதழ் அது. 1922இல் தந்தை சுகுமார் ராய் அதில் ‘ஹேஷோராம் ஹுஷியாரின் நாட்குறிப்பு’ என்ற நகைச்சுவைக் கதையை எழுதினார். கோனன் டாயிலின் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ நாவலை நையாண்டி செய்யும் கதை அது. பேராசிரியர் ஹேஷோராம் வேட்டைக்காரர்கள் புடைசூழக் காரகோரம் மலைப்பகுதிக்குச் செல்கிறார். கண்ட விலங்குக்கெல்லாம் அங்கேயே இலத்தீன் வால் ஒட்டிப் பெயர் சூட்டுகிறார். முகத்தை உம்மென்று வைத்திருப்பது கோம்ராதேரியம். கத்திக்கொண்டே இருப்பது சில்லானோசோரஸ். பாவமாய் விழிப்பது பேச்சாராதேரியம். அலிப்பூர் விலங்குக்காட்சிச் சாலையும் இந்திய அருங்காட்சியகமும் அமைந்த நகரில் வளர்ந்த வாசகர்களுக்கு அந்தக் கேலியின் இலக்கு விளங்கியிருக்கும். பெயர் சூட்டுவதும் பிடித்து அடைப்பதும் ஒரே செயலின் இரு பகுதிகள் என்பதைக் காலனிய நகரம் நேரில் அறிந்திருந்தது.

இம்மரபு தொடர்ந்தது. 1945இல் பிரேமேந்திர மித்ராவின் கனாதா, சகாலின் தீவில் ஒரு விஞ்ஞானி உருவாக்கிய கொடிய கொசுவை எதிர்கொள்கிறார். அவருடைய ஆயுதம் ஓர் அறை. ராய் 1961இல் ‘சந்தேஷ்’ இதழுக்குப் புத்துயிரளித்தபோது எழுதிய முதல் ஷங்கு கதையில், செவ்வாய்க் கிரகத்துக்குச் செல்லும் மனிதர்கள்தாம் துரத்தப்படுகிறார்கள். அந்நியர் அங்கே நாமே. ‘தி ஏலியன்’ திரைக்கதைக்கு மூலமான ‘பங்குபாபுர் பந்து’ 1962இல் வெளிவந்தது. அதில் ஆங் என்ற வேற்றுக்கிரகவாசியை எவரும் துரத்துவதில்லை. ஓயாத கேலியால் வேட்டையாடப்படுபவர் பங்குபாபு என்ற எளிய பள்ளி ஆசிரியர். வேட்டையாடுபவர்கள் மாலைதோறும் கூடும் ஊர்ப் பெரியவர்கள். ஆங் தரும் துணிவால் அவர் அக்கூட்டத்தை எதிர்த்து நிற்கிறார். சிறுகதையில் கேலியாக இருந்த கொடுமை, ஐந்தாண்டுக்குப் பின் திரைக்கதையில் உடைமையாக்கலாக வளர்ந்திருக்கிறது.

இவ்விடத்தில் ராயைக் குறித்த ஒரு விமரிசனத்தையும் சொல்லியாக வேண்டும். உடைமை வெறியின் முகமாக மார்வாடி வணிகரை நிறுத்துவது கல்கத்தா நடுத்தர வர்க்கத்தின் பழைய மனப்பழக்கம். பின்னாளில் ‘ஜெய் பாபா ஃபெலுநாத்’ படத்தின் மகன்லால் மேக்ராஜிலும் அதே வார்ப்பைக் காண்கிறோம். அந்நியனைப் பரிவோடு வரவேற்கச் சொல்லும் ஒரு படைப்பு, தன் நகரிலேயே தலைமுறைகளாக வாழும் ஒரு சமூகத்தை அந்நியராக்குகிறது. இம்முரணைக் கணக்கில் கொள்ளாமல் ‘தி ஏலியன்’ திரைக்கதையை மானுட நேயத்தின் ஆவணமாக மட்டும் கொண்டாடுவது நேர்மையாகாது.

அப்படியானால் இக்கதையில் அணி மாறிய வேட்டைக்காரன் எவருமில்லையா? திரைக்கதைக்கு வெளியே ஒருவர் இருக்கிறார் என்பேன். அவர் மைக் வில்சன். ராயின் குறிப்புகளில் அவர் உரிமையைப் பற்றிக்கொண்டு விடாத மனிதராகவே தோன்றுகிறார். அவர் விலகினால் படத்தைத் தொடரலாம் என்பது கொலம்பியாவின் நிலைப்பாடு. பின்னர் ஒருநாள், வில்சன் தலையை மழித்துக்கொண்டு தென்னிந்தியக் காடுகளில் தவமிருக்கச் சென்றுவிட்டார் என்று கிளார்க்கிடமிருந்து ராய்க்குக் கடிதம் வந்தது. அதன்பின் வில்சனே எழுதி உரிமையைத் துறந்தார். கதிர்காமத்து முருக வழிபாட்டில் தோய்ந்து சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் அவர் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். ஆனால் அதற்குள் படத்தின் காலம் கடந்துவிட்டது. டெக்கார்டின் மனமாற்றம் ஓர் உயிரைக் காத்தது. வில்சனின் மனமாற்றத்தால் காப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

தமிழ்த் திரையிலும் இக்கேள்வியைத் தொடரலாம். எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’ 1963இலேயே வெளிவந்தது. அதில் வேற்றுக்கிரகத்தார்தாம் வேட்டைக்காரர்கள்; ஆடலும் பாடலும் அறிந்த பூமிப் பெண்ணைக் கடத்திச் செல்கிறார்கள். 2024இல் வந்த ‘அயலான்’ படத்தில் வேற்றுக்கிரகவாசிக்கு எதிராக நிற்பவர், பூமியை ஆழத் துளைத்து வாயு எடுக்க முனையும் ஒரு தொழிலதிபர். பஜோரியாவின் பணமும் டெவ்லினின் துளைக்கருவியும் ஒரே மனிதரிடம் சேர்ந்துவிட்டதுபோல் எனக்குத் தோன்றியது. நேரடித் தாக்கம் இருந்ததாக நான் கூறவில்லை. நிலத்தடியைத் துளைக்கும் செயலை அச்சத்தோடு பார்க்கும் சமூகங்கள் தமக்குரிய வேட்டைக்காரனை அவ்வுருவில் காண்பது இயல்பு.

ராயின் திரைக்கதையை, அவர் மகன் சந்தீப் ராய் தொகுத்த ‘டிராவெய்ல்ஸ் வித் தி ஏலியன்’ என்ற நூலில் 2018 முதல் எவரும் படிக்கலாம். மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதைப் படிக்கும்போது ‘ஈ.டி.’யோடு ஒத்த இடங்களுக்கு அடிக்கோடிடுவதைச் சற்றே ஒத்திவையுங்கள். குளத்து நீரை இறைக்கத் திட்டமிடும் பக்கங்களை முதலில் படியுங்கள். திருட்டு வழக்கில் ராய்க்கு நீதி கிடைத்ததா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். துப்பாக்கியே தூக்காமல் நல்லெண்ணத்தோடு நடத்தப்படும் வேட்டையைக் காட்டியிருக்கக்கூடிய ஒரு படத்தை நாம் இழந்தோம். அவ்விழப்பை எந்த ஒற்றுமைப் பட்டியலும் நமக்கு உணர்த்தப்போவதில்லை.